வெயிலில் சேர்த்த சுருதி

போன வருஷம் படகுகளுக்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பில் என் வயலின் கீபோர்டோடு ஒட்டாமல் சுருதி இறங்கியது. பழி முழுவதும் என் தலையில் விழுந்தது. மாதா கோயிலின் ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு, அப்படியே கடற்கரை வெயிலுக்குத் தூக்கி வந்தால் சூட்டில் கம்பி நீண்டு தொய்யத்தான் செய்யும். எத்தனை முறை சொன்னாலும் பாடகர் குழுத் தலைவருக்கு ஏறவில்லை.

இந்த வருஷம் நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. வயலினை முன்கூட்டியே கரைப் பந்தலுக்குக் கொண்டுவந்து, அந்தச் சூட்டுக்குப் பழகவிட்டேன். சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து நின்றபோது கடைசிக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“ஏளா, சாமியார் நிக்காவ. இங்கன என்னத்தத் திருகுத?” என்று தன் கிட்டாரைத் தோளில் மாட்டியபடி தலைவர் கத்தினார்.

“பாட்டு இங்கனதான அண்ணாச்சி? சுதியும் இங்கனதான் சேப்பேன்,” என்றேன். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

பாட்டு தொடங்கியது. கீபோர்டும் என் வயலினும் ஒன்றாகப் போயின. ஏசி அறையில் சுருதி சேர்த்த அவருடைய கிட்டார் மட்டும் இறங்கிப்போய் முனகியது. கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. நான் வில்லை இறக்கினேன்.

“திருகுங்க அண்ணாச்சி. சாமியார நான் நிக்கச் சொல்லுதேன்.”