சாயத்தண்ணியில் விழுங்கிய மாத்திரை

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பச்சைத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குளிரில் பல் கூசும். தலைவலி மாத்திரையோ சத்து மாத்திரையோ, எதுவானாலும் சூடான சாயத்தண்ணியில்தான் உள்ளே இறங்கும். பாலில்லாத டீக்கு அங்கே அதுதான் பேர்.

அந்த வருடம் வனக்காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். குறித்த நேரத்துக்குள் பல மைல் நடந்து காட்டும் நடைத்தேர்வு மட்டும் பாக்கி. என் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகும் வருடமும் அதுவே. அவள் ஓய்வு பெற்றால் கம்பெனி வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எனக்கு வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நான் நடந்தால் வீடு, நடக்காவிட்டால் தெரு.

விடிகாலையில் ஃபேக்டரி ரோட்டில் ஓடிப் பழகினேன். ஓடி முடித்தால் அப்படியோர் அசதி. மத்தியானம் வரை சுருண்டு கிடப்பேன். குன்னூரில் ஜிம் நடத்தும் மாஸ்டர் ஒரு டப்பா பவுடரை என் தலையில் கட்டினார். "பால்ல கலந்து குடிங்க, அசதி பறந்துடும்." டப்பா மேலே புஜம் புடைத்த வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, அவனை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை.

பவுடர் தீர்ந்தது, அசதி தீரவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மிம்மா" என்று இரும்புச்சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார். அம்மாவும் வருடக்கணக்காக அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் இருவரும் அடுப்பருகே உட்கார்ந்து, கடுஞ்சாயத்தில் ஆளுக்கொன்று விழுங்குவோம். அம்மா மேட்டில் ஏறி வந்து வாசலில் மூச்சிரைக்க உட்காருவதை வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம்.

நடைத்தேர்வில் பாதி தூரம் தாண்டியதும் கால் பின்னியது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஜீப்பை நிறுத்தி, "ஏறிக்கங்கம்மா" என்றார் அதிகாரி. ஏறினால் தோற்றதாக அர்த்தம். ஏறினேன்.

பிறகு குன்னூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மாதான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மாத்திரையை எதுல போடுறீங்க?"

"டீயிலதாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீ அந்தச் சத்தை உடம்புல சேர விடாதுங்க. தண்ணியில போடணும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும்."

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நேராக டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது.

"ஏம்மா, தேயிலைத் தோட்டத்துல நின்னுக்கிட்டு டீயைத் தள்ளி வைன்னு சொன்னா யாரு கேப்பா?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பேனா மாட்டேனா என்பதை நானல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

அம்மா ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கழுத்துக்கு மாலை போட்டுக் கைதட்டி, ஒரு பெரிய பொட்டலம் டீத்தூள் கொடுத்து அனுப்பினார்கள். மாதக் கடைசியில் வாடகை வீட்டுக்கு வந்தோம். மூட்டையைப் பிரித்த கையோடு அம்மா அந்தத் தூளைத்தான் கொதிக்கவிட்டாள். மடியிலிருந்து மாத்திரை அட்டையையும் எடுத்தாள்.

வெந்நீர் டம்ளரை நீட்டி, "இதுல போடும்மா, தெம்பு வரும்" என்றேன்.

"இனிமே தெம்பு வந்து என்ன புள்ள பண்ணப்போறேன்?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினாள்.