ஒரு கைப்பிடி மல்லாட்டையில் நடந்த வாசகசாலை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவே கூசுவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் விழுப்புரம் நூலகத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மேசைமேல் கிடந்த தாள்கள் சாரலில் நனைந்தன. நனைந்த பத்திரிகைக்கு ஒரு வாசனை உண்டு, பழைய கஞ்சியும் மையும் கலந்தாற்போல. அது என்னை யுத்தகாலத் திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். அங்கே ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை; நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டையைப் பார்த்து இறக்குவதும் முதலாளிக்கு வெற்றிலை வாங்கி வருவதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி விழுப்புரத்துக்கு வீட்டுக்குப் போவேன். மற்ற மாலைகளில் கடைத்தெரு வாசகசாலைதான் கதி. ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி நிறையப் புத்தகம், தெருப்பக்கம் ஒரு சன்னல்.

மனிதர் முகத்தைப் பார்த்துப் பேச வராத எனக்கு, பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும். பிளாட்பாரத்தில் முறுக்கு விற்பவனைப்போல் கத்துவேன். எழுத்துத் தெரியாதவர்களுக்காகத் தினமும் செய்தியை உரக்கப் படிக்கும் வேலையை அதனால்தான் என்னிடம் விட்டிருந்தார்கள்.

யுத்தத்தைச் சொல்லி மேலிடத்து மானியம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம். கதவைப் பூட்டிவிடலாமென்று பேச்சு வந்தபோது மண்டிக்காரர்கள்தான் வழி சொன்னார்கள். கோயிலுக்கு மகமை எடுப்பதுபோல, வரும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி மல்லாட்டை வாசகசாலைக் கூடைக்கு. பாதியை விற்றுப் பத்திரிகை; மீதியைச் செக்கில் ஆட்டி விளக்குக்கு எண்ணெய். வண்டிக்காரர்கள்கூட முணுமுணுக்கவில்லை. "சாமி வெளக்குக்குக் குடுக்கலியா? பேப்பர் வெளக்குக்குக் குடுத்தா கொறஞ்சா பூடுவோம்?" என்றார் ஒருவர்.

மண்டியில் மல்லாட்டை உரிக்கும் அஞ்சலையிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள் கூலியாகக் கிடைத்த காயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கூடையில் போட்டாள். "பேப்பரு நின்னுடக் கூடாது சாமி" என்றாள். அவள் மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். கடிதம் நின்று மாதங்களாகியிருந்தன. தினமும் தெருவில், சன்னலுக்கு வெளியே நின்று நான் படிப்பதைக் கேட்பாள். சேரிக்காரர்கள் உள்ளே வருவதில்லை. வரக் கூடாதென்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் அம்மா வயது அவளுக்கு. நான் வா, போ என்றுதான் பேசினேன்.

ஒருநாள் சன்னலுக்கு வெளியிலிருந்து சொன்னாள்: "பாத்தீங்களா சாமி, என் மல்லாட்டை ஜல்தியா உள்ள பூந்துக்கிச்சி. நான்தான் தெருவுல நின்னுக்கினு இருக்கேன்."

"அது மல்லாட்டை செஞ்ச புண்ணியம்டி" என்றார் காரியதரிசியாக இருந்த ஜவுளிக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்துகொண்டிருந்த சமயம். திரும்பி வந்து சேர்ந்த சில பட்டாளங்களின் பெயர்கள் பத்திரிகையில் இருப்பதாக மண்டியில் பேசிக்கொண்டார்கள். மகனுடைய பட்டாளத்தின் பெயர் அஞ்சலைக்கு மனப்பாடம். எங்களில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அன்று அவள் முன்னதாகவே வந்து சன்னலடியில் நின்றாள். நான் யுத்தச் செய்திக்கு வரவும் கோடைமழை கொட்டவும் சரியாக இருந்தது. சாரல் அலமாரிவரை அடித்தது.

"சன்னல மூடுப்பா, பொஸ்தகமெல்லாம் நனையுது" என்றார் காரியதரிசி.

"சாமி, அந்தப் பேருங்கள மட்டும் படிச்சிட்டு மூடிக்கோங்க. நான் நனஞ்சா பரவால்ல."

"உனக்கு இன்னா, காஞ்சிடுவ. பொஸ்தகம் காயுமா?"

சன்னலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். மூடினேன். கதவு திறந்தேதான் கிடந்தது. உள்ளே வா என்று அவளிடம் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் குரலை உயர்த்தினேன். தொண்டை கிழிய அந்தப் பெயர்களைப் படித்தேன். ஓட்டின்மேல் விழுந்த மழைக்கு முன்னால் என் கத்தல் எம்மாத்திரம்? படித்து முடித்ததும், பெரிய தருமம் செய்தவனைப்போல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த வாசகசாலை இருந்த இடத்தில் இப்போது உரக்கிடங்கு. காயை இயந்திரம் உடைக்கிறது. மகமைக் கூடை என்றால் மண்டியில் சின்னவர்களுக்குத் தெரியாது. உரக்கப் படிக்கும் வழக்கமும் போயிற்று. விழுப்புரம் நூலகத்தில் பேசக் கூடாதென்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். நான் ஏனோ கதவோரம்தான் உட்காருகிறேன்.

அந்த மழைக்கு மறுநாள், பட்டாளத்தின் பெயரைக் கேட்டுப் பார்த்துச் சொல்லலாமென்று மண்டியில் அஞ்சலையிடம் போனேன். "வாணாம் சாமி. காத்தால ஸ்டேசனுக்குப் போயி ஒரு போர்ட்டர அந்தப் பேப்பரப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன். அதுல இல்ல" என்றாள். வேலை முடிந்ததும் ஒரு கைப்பிடி மல்லாட்டையைக் கூடையில் போட்டாள். சாயங்காலம் சன்னல் பக்கம் வரவில்லை.