ஏறி இறங்கும் கட்டில்

“தம்பி, ஒரு கை குடுங்க” என்று பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் புஷ்பவள்ளி அக்காவின் தலை தெரிந்தால், நாடாளுமன்றத்தில் முதியோர் இல்லங்களைப் பற்றி யாரோ பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். கட்டிலின் ஒரு முனை அவருடையது, மறுமுனை என்னுடையது. அது மாடிக்குப் போகிறதா, கீழே வருகிறதா என்பது அன்றைய செய்தியைப் பொறுத்தது.

ஜெலுத்தோங்கில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து முதியோர் இல்லம் நடத்துகிறார் அக்கா. கீழே ஆறு பேர். ராத்திரி யார் முனகினாலும் கேட்க வேண்டும் என்று சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவர் படுக்கிறார். மாடியில் சின்னையா மட்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மகன் போனை எடுப்பதில்லை. இங்கே வந்த புதிதில் சின்னையா படிகளில் ஓடி ஏறுவாராம். போன தீபாவளிக்கு முன்னால் அதே படியில் சறுக்கி விழுந்தார். இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குகிறார்.

புதிய சட்டம் அமலுக்கு வந்தால் மாடியில் முதியவர்களை வைக்கக் கூடாது, கூடத்திலும் கட்டில் போடக் கூடாது. சின்னையா வெளியே போக வேண்டியதுதான். சட்டம் தள்ளிப்போனால் அவர் இருக்கலாம், ஆனால் அந்தப் படிக்கட்டோடு இருக்க வேண்டும். சட்டம் வருகிறது என்று செய்தி வந்தால், அதிகாரிகள் நாளைக்கே வாசலில் நிற்பார்கள் என்று அக்கா கட்டிலை இறக்கிச் சாப்பாட்டு மேசையோரம் இடுக்கிவிடுவார். கூடத்தில் போட்டாலும் குற்றம்தானே என்றால், “மாடிக்கு இது பரவால்ல லா” என்பார். தள்ளிவைத்துவிட்டார்கள் என்றால், நாற்காலி போட இடமில்லை என்று கட்டில் மறுபடி ஏறும்.

தொலைக்காட்சியில் நாடாளுமன்ற விவாதத்தை அக்கா நின்றுகொண்டுதான் பார்ப்பார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம். “ரெண்டு வருஷம் தள்ளிவையுங்கள், சின்ன இல்லங்களை மூடினால் முதியவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள்” என்றார் நாடாளுமன்ற உறுப்பினரான ஒரு ஒய்.பி. கையில் கரண்டியோடு “அதானே” என்றார் அக்கா. எதிர்வரிசையிலிருந்து இன்னொருவர் எழுந்து, “இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும்?” என்று கேட்டார். அக்கா அதற்கும் தலையாட்டினார்.

“ரெண்டு பேரும் நம்ம ஐயாவப் பத்திதான் பேசுறாங்க. ரெண்டும் சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் தலை பெனிங் ஆயி சுத்துது. நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே, சொல்லுங்களேன்.”

நான் முதலாமவரை ஆதரித்தால் அக்கா இரண்டாமவருக்காக வாதாடுவார். சரி என்று மாற்றிப் பேசினால் அவரும் மாறிவிடுவார். கடைசியில் எனக்கும் ஒன்றும் புரியாமல் போய்விடும்.

போன வாரம் சட்டத்தைத் தள்ளிவைத்தே விட்டார்கள். பாலிக் புலாவில் இதேபோல் ஓர் இல்லம் நடத்தும் பிரமிளா போனில் கூப்பிட்டு, “அக்கா, தப்பிச்சோம்” என்றார். “ஆமா” என்றார் இவர். முகத்தில் தப்பித்த களையைக் காணோம்.

கட்டிலைத் தூக்கினோம். சின்னையா சறுக்கிய படி வந்ததும் அக்கா நின்றுவிட்டார். “இறக்கிருங்க தம்பி.” இறக்கினோம். அடியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்ல, தூக்குங்க.” தூக்கினோம். அதே படியில் மறுபடியும் “இறக்குங்க” என்றபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

சின்னையா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் துணிப்பை. கட்டில் அசைந்தாலே தன் துணிமணிகளை அதில் திணித்துத் தயாராகிவிடுவார்.

“இப்ப எங்கம்மா போகணும்?” என்று கேட்டார்.

மாடிக்கா, கூடத்துக்கா என்று அவர் கேட்கவில்லை. அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்று இத்தனை நாளில் யாருமே கேட்டதில்லை, நானும்தான்.

அக்கா கட்டிலைப் படியடியிலேயே விட்டுவிட்டு வந்தார். “எங்கயும் போக வேணாம் ஐயா” என்று அவர் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அங்கே கதவில் இருப்பது ஒரே ஓர் ஆணி. அதில் தொங்கிய தன் கைப்பையைக் கழற்றிவிட்டு, சின்னையாவின் பையை மாட்டினார்.

வெளியே வந்தவர் மாடியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு, படியடியில் கிடந்த கட்டிலின் பக்கத்தில் நின்றார்.