சித்தப்பா எழுதிக் கொடுக்காத கடிதம்

மீன் விற்கும் ஒரு பெரியம்மா சாட்சி சொல்லி முடித்துவிட்டுப் பாட்டை எடுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லி, ஒரு பாட்டும் பாடலாம். இடையில் நிறுத்த பாஸ்டருக்குக்கூட உரிமை கிடையாது. பெரியம்மா தன் இஷ்டத்துக்கு எங்கேயோ உச்சியில் எடுத்தார். கீபோர்டு கீழே வேறெங்கேயோ கிடந்தது. கடைசிச் சரணம் வரை இரண்டும் சந்திக்கவே இல்லை. சபையின் தலைகளெல்லாம் ஒன்றாகக் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. அங்கே என் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

சித்தப்பா உட்காரவேண்டிய இடம் அதுவல்ல. எட்டு வருடம் அந்தக் கீபோர்டில் இருந்தவர். யார் எந்தச் சுருதியில் எடுத்தாலும் இரண்டாவது வார்த்தைக்குள் பிடித்துவிடுவார். வாரம் முழுக்கக் கல்பாக்கத்தில் காண்டிராக்ட் வெல்டர், சனிக்கிழமையானால் ஆர்கெஸ்ட்ரா. கல்யாணம், கட்சி மேடை, கோயில் திருவிழா, எதையும் விடமாட்டார். அந்த வருடம் திருக்கழுக்குன்றத்தில் திருவிழா மேடையில் சாமிப் பாட்டுகளுக்கு வாசித்ததைச் சபைச் செயலாளர் பார்த்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதாம். வாசித்த ஆறு பாட்டையும் வரிசை மாறாமல் சொன்னார். அவ்வளவு நேரமும் பஸ் வரவில்லை போலிருக்கிறது.

செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“பீடத்தாண்ட வாசிக்கிற கை கோயில்லயும் வாசிக்கலாமா நைனா? மன்னிப்பு கேட்டு ஒரு லெட்டரு எய்திக் குடு. இனிமே ஆர்கெஸ்ட்ராவுக்குப் போவ மாட்டேன்னு ஒரு வரி சேத்துக்கோ. மேட்டரு முடிஞ்சிச்சி.”

“இன்னான்னு மன்னிப்பு கேக்கறது? தப்பா வாசிச்சிட்டேன்னா?” என்றார் சித்தப்பா. “ஒரு கட்டகூட தப்பா உழலியே. நீங்கதான் ஆறு பாட்டும் கேட்டீங்களே, சொல்லுங்க.”

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. “எய்திக் குட்த்துட்டுப் போயேன்டா. உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?”

“கர்த்தர் குட்த்த கைன்னு இவுங்கதான்ணா சொன்னாங்க. சனிக்கெழம மட்டும் அது யாரு கையாம்?”

அந்தக் கேள்வியைச் செயலாளர் சபைக் கமிட்டிக்குக் கொண்டுபோனார். பதிலுக்குப் பதிலாகக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: கடிதம் வரும்வரை சித்தப்பா சபைக் கீபோர்டைத் தொடக் கூடாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த செயலாளரின் மகன் அந்த இடத்துக்கு வந்தார். செங்கல்பட்டில் வேறொரு சபை சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தது. “என் வூட்ட உட்டுட்டு நான் இன்னாத்துக்குப் போவணும்?” என்று சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் எல்லாருக்கும் முன்னால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

செயலாளர் மகனுக்கு ஒரே ஒரு ஸ்கேல்தான் தெரியும். மற்றதற்கெல்லாம் டிரான்ஸ்போஸ் பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் போதும், விரல்கள் பழகிய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் ஏறும் இறங்கும். அந்தப் பட்டனைத்தான் நான் குறிவைத்தேன். ஒரு சரணத்துக்கு ஒரு படி ஏற்றிப் பாடினால் பட்டன் என்ன செய்யும்? வாசிக்கும் அந்த அண்ணன் திணறுவார். கமிட்டி வேறு வழியில்லாமல் சித்தப்பாவைக் கூப்பிடும். நான்கு நாள் சவுக்குத் தோப்பில் நின்று கடல் காற்றுக்கு எதிராகப் பாடிப் பழகினேன்.

ஞாயிறு வந்தது. இரட்டைச் சடையோடு எழுந்து நின்றேன். “அரைப்பரீட்சையில கணக்குல பாஸ் பண்ண வெச்ச கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு எடுத்தேன். முதல் சரணத்துக்கு அண்ணன் எப்படியோ வந்து சேர்ந்தார். இரண்டாவதில் ஏற்றினேன். பட்டனைத் தேடினார். கீபோர்டு வீறிட்டது. மூன்றாவதற்கு இன்னும் ஏற்றினேன். அவர் காதோரம் வியர்வை இறங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. செயலாளர் என்னை முறைத்தார். முறைக்கத்தான் முடியும், நிறுத்த முடியாதே!

சித்தப்பா எழுந்தார். நடுப்பாதையில் நடந்து வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“பட்டன உடு தம்பி. பாப்பா மேல ஏறிகினு கீது. கறுப்புக் கட்டையில வெரல வை. ஆங், அதான். அதுக்குப் பக்கத்துது.”

அண்ணன் பிடித்துவிட்டார். நான்காவது சரணத்தில் கீபோர்டும் நானும் ஒன்றாகப் போனோம். சபை கைதட்டியது. செயலாளர் தன் மகனைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது.

திரும்பும்போது சைக்கிள் கேரியரிலிருந்து சித்தப்பாவின் முதுகைக் குத்தினேன். “நீ ஏன் வாசிக்கல? அவனுக்குப் போயி சொல்லிக் குடுக்கற!”

“கட்டையத் தொட்டா லெட்டரு எய்தணும். வாயத் தொறந்தா எய்தணும்னு தீர்மானத்துல இல்லியே” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. தோற்றுவிட்டார் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலங்களில் அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வரத் தொடங்கினார். கூடத்தில் சித்தப்பாவின் ஆர்கெஸ்ட்ரா கீபோர்டு விரித்திருக்கும். நான் அந்த அண்ணனுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. திருவிழா மேடையில் சாமிப் பாட்டு வாசித்த அதே கட்டைகளில் பழகிய விரல்கள்தான் அப்புறம் ஞாயிறுதோறும் பீடத்தருகே வாசித்தன என்பதும், அந்த வாசிப்பைச் சபை பத்து வருடம் கண்மூடி ரசித்தது என்பதும் எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. சித்தப்பா கடிதம் எழுதவில்லை. சபைக் கீபோர்டில் மறுபடி உட்காரவும் இல்லை. அது வலிக்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

இப்போது நான் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறேன். நானும் சித்தப்பாவிடமே வாசிக்கப் படித்து, அண்ணனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தேன். சனிக்கிழமை ஆர்கெஸ்ட்ரா, ஞாயிறு சபைக் கீபோர்டு. போன மாதம் மாமல்லபுரத்தில் அம்மன் கோயில் திருவிழாவில் வாசித்தேன். இந்த வாரம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், அதுவரை கீபோர்டைத் தொடக் கூடாதாம். கொண்டுவந்து கொடுத்தவர் இப்போதைய செயலாளர், அதாவது அதே அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் விரல்களைப் பார்த்துப் பேசினார்.

“மூணே வரிதாம்மா. எய்திக் குட்த்துடு.”

“சித்தப்பா எனக்கு எல்லாம் சொல்லிக் குட்த்தாரு அண்ணா. அத மட்டும் சொல்லிக் குடுக்கல.”

வாசிக்க வேறு ஆள் இல்லாததால் இந்த ஞாயிறு அவரேதான் உட்காரவேண்டும். அதற்கு முந்தின நாள் எனக்குக் கோவளத்தில் இன்னோர் அம்மன் கோயில் மேடை இருக்கிறது. முடித்துவிட்டு வந்து சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். முதல் வாக்கியம் தயார்: “நேத்து கோவளத்துல கோயில் மேடையில வாசிக்க என் கைக்குப் பெலன் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” யாரும் குறுக்கிட முடியாது, அந்த வழக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிறகு பாட்டு. சரணத்துக்கு ஒரு படி ஏற்றுவதாக இருக்கிறேன். அண்ணன் பிடித்துத்தான் ஆகவேண்டும். கடைசி பெஞ்சில் சித்தப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.