கல்பெப்பரிடம் கேட்ட கையெழுத்து

என் நாத்தனார் வெர்லீன் எதற்காகவும் யார் வாசலிலும் போய் நிற்காதவள். 1999 அக்டோபரில் அவள் டுவைட் கல்பெப்பரைத் தேடிப் போக வேண்டி வந்தது.

பதினாறு வருடங்களுக்கு முன், அவளும் அவள் கணவர் லூஷியஸும் தெற்கு ஜார்ஜியாவில் அறுபது ஏக்கரில் வேர்க்கடலை போட்டுவந்தார்கள். அந்த ஜனவரியில் அரசாங்க விவசாயக் கடனுக்கு மனுக் கொடுத்தார்கள். "இந்த வருஷம் பணம் வரலை" என்றார் அதிகாரி. வாராவாரம் போனார்கள், வாராவாரம் அதே பேச்சு. கடன் கைக்கு வந்தபோது ஜூன் முடிந்துகொண்டிருந்தது. விதைப்புப் பருவம் தாண்டிவிட்டது. விளைச்சல் பொய்த்து நிலம் ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் பக்கத்து நிலத்து வெள்ளைக்காரர் கல்பெப்பர். லூஷியஸ் மரம் ஏற்றும் லாரி ஓட்டப் போனார்; எட்டு வருடத்தில் நெஞ்சுவலியில் இறந்தார்.

எங்களைப் போன்ற கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் தருவதில் பாரபட்சம் காட்டியதற்காக, வழக்குக்குப் பிறகு அரசாங்கம் இப்போது நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தன்னைப் போலவே நிலம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு நேரத்தோடு கடன் கிடைத்ததை வெர்லீன் காட்ட வேண்டும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

நான்தான் வண்டி ஓட்டினேன். கல்பெப்பர் டிராக்டரில் கடலை பறித்துக்கொண்டிருந்தார், அவளுடைய அதே அறுபது ஏக்கரில்.

"நிலத்தைத் திருப்பிக் கேக்க வந்தியா, வெர்லீன்?"

"இல்லைங்க. எண்பத்துமூணுல உங்களுக்கு எந்த மாசம் கடன் வந்துச்சு? அதை எழுதிக் கொடுங்க, போதும்."

"நாளைக்கு கோர்ட்டுல நான் நிக்கணுமா? போ, எனக்கு வேலை கெடக்கு." இன்ஜினை உறுமவிட்டார்.

வெர்லீன் டிராக்டருக்கு நேர் எதிரே போய் நின்றாள். சக்கரம் ஒரு சாண் முன்னால் உருண்டது.

"அக்கா, வந்துடுங்க!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு, நெட்டீ" என்றாள், திரும்பாமலே.

இன்ஜின் நின்றது.

"நீங்க காசு கொடுத்துத்தான் ஏலத்துல எடுத்தீங்க. உங்களை நான் குத்தம் சொல்லலை. ஆனா எங்க வீட்டுக்காரரு தனக்கு விவசாயம் பண்ணத் துப்பில்லைன்னு நெனச்சே செத்தாரு. அது பொய்யின்னு எனக்கு ஒரு தாள்ல வேணும்."

கல்பெப்பர் தொப்பியைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிப்ரவரி" என்றார் கடைசியில். "நான் ஆபீஸ் பக்கமே போகலை. அந்தக் கடன் ஆபீசரே எங்க வீட்டுக்கு வந்து, காபி குடிச்சுக்கிட்டே மனுவை நிரப்பிட்டுப் போனான். பழைய தாள் வீட்ல இருக்கும். எம் பொண்டாட்டி எதையும் தூக்கிப் போடமாட்டா."

அவர் வீட்டில் அதை எழுதி வாங்கிக்கொண்டு வெர்லீன் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். கையெழுத்திட்ட தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தாள்.

அடுத்த வருடம் ஐம்பதாயிரம் டாலர் வந்தது. அறுபது ஏக்கருக்கு அது காணாது. கல்பெப்பரும் விற்கச் சம்மதிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு ஏக்கர் வாங்கினாள். அப்போது அவளுக்கு வயது அறுபத்துமூன்று. முதல் வருடக் கடலையில் பாதியை மான்கள் தின்றுவிட்டன. மறு வருடம் வேலி போட்டாள்.