செல்வநாயகி அக்கா வீட்டில் பேசிய குரல்

கோயம்புத்தூர் டப்பிங் ஸ்டுடியோவில், மருமகளை வீட்டைவிட்டு விரட்டும் தொலைக்காட்சி மாமியாருக்கு நான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பழனிச்சாமி அண்ணன் பேசினார். "அம்மிணி, செல்வி போயிட்டாளுங்க" என்றார். பாதி வசனத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த மாமியாருக்கு முதலில் குரல் கொடுத்தவர் அண்ணனுடைய மனைவி, நம் செல்வநாயகி அக்காதான் என்பது வானொலி நேயர்களான உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வானொலி நிலையத்தில் நானும் அக்காவும் பல வருடம் ஒன்றாக அறிவிப்பாளர்கள். நான் சாந்தன்பாறை ஏலக்காய் எஸ்டேட்டில் பிறந்தவள். "உங்கூர்ல எல்லாரும் ஏலக்காய வாயில போட்டுட்டேதான் பேசுவீங்களா அம்மிணி?" என்று முதல் நாளே அக்கா வம்புக்கு இழுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க மட்டும் என்னக்கா, மாட்டைக்கூட 'வாங்க போங்க'ன்னுதான் கூப்பிடுவீக போல" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. அன்றிலிருந்து மதியச் சோற்றை இருவரும் பங்குபோட்டுத்தான் சாப்பிட்டோம். லீவு நாளில் அவர் வீட்டுக்கே போய் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

மைக் முன்னால் உட்கார்ந்தால் அவருடைய கொங்குப் பேச்சு எங்கே போகுமோ, அப்படி ஒரு சுத்தமான தமிழ் வரும். ஒரே ஒரு நாள் தவறியது. விவசாய நிகழ்ச்சியில் பாட்டைப் போட்டுவிட்டு, மைக்கை அணைக்க மறந்து வீட்டுக்குப் போன் செய்தார். "எருமைக்குத் தண்ணி காட்டுனீங்களா இல்லீங்களா? நாஞ் சொன்னாத்தான் அந்த ஊட்டுல ஏதாச்சும் நடக்குமாட்ட இருக்குது!" பாட்டோடு சேர்ந்து அது ஊர் முழுக்கப் போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இரண்டு கையையும் வீசினேன். புண்ணியவதி, நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் கையை ஆட்டினார்! அதற்காக மெமோ வந்தது. 'எருமை தண்ணி குடிச்சிருச்சுங்களா?' என்று நேயர்கள் கடிதமும் போட்டார்கள்.

போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. அவர் பேசிவந்த மாமியாருக்குப் பேசச் சொல்லி சீரியல்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். செத்தாலும் அதைச் செய்ய மாட்டேன் என்று அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "வேற எவளோ பேசறதுக்கு நீ பேசு. கெடுத்துப்போடாதே."

எழுதிக் காட்டியதோடு விடவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்து என் பக்கத்திலேயே நின்றார். மூச்சு விடவேண்டிய இடத்தில் தோளை அழுத்துவார். குரலை ஏற்றவேண்டிய இடத்தில் முழங்கையில் கிள்ளுவார். வலிக்கும், திட்டவும் முடியாது. மூன்றாம் நாள், ஒலிப்பதிவைக் கேட்டபோது பேசுவது யாரென்று எனக்கே சந்தேகம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அழுகிறாரா என்று பார்க்க நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

காரியம் முடிந்த அன்று, பந்தி எழுந்தபிறகு, பழனிச்சாமி அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, நீங்க அவளாட்டவே பேசறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒருக்கா என்னைச் சோறுங்கக் கூப்புடுங்க. அவ கூப்புடறாப்பல."

கண்ணை மூடிக்கொண்டேன். "ஏனுங்க, சோறு போட்டாச்சு, வாங்க" என்றேன். வந்தது அந்தச் சீரியல் மாமியார்தான். இன்னொரு தடவை முயன்றேன். அதற்கும் அவளேதான் வந்தாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இது டிவியில பேசறவங்க. எங்கூட்டுக்காரி இப்படிக் கூப்புடமாட்டா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாதீங்க அம்மிணி, நல்லாத்தான் இருந்துச்சு" என்று என்னைத் தேற்றினார்.

ஊருக்காகப் பேசிய குரலை அக்கா என் தொண்டையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்கும் அதை வைத்துத்தான் பிழைப்பேன். வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்ட குரலை எந்த இடத்திலும் யாரும் பதிவுசெய்யவில்லை. அதைக் கேட்டுப் பழகிய காதுகள் இரண்டே பேருக்குத்தான் மிச்சம். ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருத்தி நான், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.