மூச்சைத்தான் இழுக்கிறேன்

கடல் கடந்து நான் வந்த இந்நாட்டில் மூச்சுக்கு உருவம் உண்டு. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் வெளியே வந்து வாய் திறந்தால், உள்ளிருந்த காற்று வெண்புகையாய் முன்னே நிற்கும். துறையூரில் முப்பதாண்டு மூச்சுவிட்டும் அதனை ஒருநாளும் கண்ணாற் கண்டிலேன். இளமை தொட்டே இரைப்பு நோயுடைய எனக்கு நாடோறும் கிடைக்கும் முதற் காட்சி இதுவே: இன்னும் போகிறது, இன்னும் வருகிறது. "அப்பனிமலை உம்மைக் கொன்றுவிடும், திரும்பி வாரும்" என ஊரிலிருந்து எழுதுவோர்க்கு இதனை விடையாக எழுதுகின்றேன். அங்கே களத்துத் தூசியில் இரைத்தேன். இங்கே பனியில் இரைக்கின்றேன். நோய்க்கு அஞ்சி நாடு மாறிக்கொண்டிருக்க நான் ஒருப்படேன்.

நான் தோட்டப் பள்ளியில் எழுத்தறிவிப்பவன். தோட்டத்தார் வாழும் வரிசை வீடாகிய லயத்தில் என் சுவரை அடுத்த அறையில் வாழும் அங்கம்மாளுக்கும் இதே நோய். முசிறிப் பக்கத்தவள், கணவனை இழந்தவள், கொழுந்து பறிப்பவள். பனி இறங்கும் நாளில் சரிவின் நடுவே நின்று, முழங்கால்களிற் கையூன்றி, முன்குனிந்து மூச்சைத் தேடுவாள். சில ஆண்டுகளுக்கு முன், புதிதாய் வந்த துரை அதனைக் கண்டார். மறுநாட் காலை, பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் காரணம் வினவினார்.

"அவளுக்கு இழுப்புங்க தொரை" என்றார் கங்காணி.

துரை தமிழ் கற்றது வேலைத்தலத்தில். அங்கே 'இழுக்காதே' என்றால் வேலையைத் தாமதியாதே என்பது ஒன்றே பொருள்.

"இழுக்கிறதா? நான் விடமாட்டேன்! பேர் வெட்டு!"

ஆட்பதிவில் பேர் வெட்டுண்டால் வேலையோடு லய அறையும் போகும். அது போனால் இரு நாட்டிலும் அவளுக்கு ஒதுங்க ஒரு சுவரில்லை. ஆதலின் நான் முன்சென்று, "ஐயா, அது இரைப்பு" என்றேன். 'இழுப்பு' என்பாரையெல்லாம் திருத்திவந்த நாவல்லவா! துரை விழித்தார்.

கங்காணியோ, "எரப்பா? யாருகிட்ட எரந்தா வாத்தியாரய்யா?" எனக் கேட்க, பெரட்டு முழுதும் சிரித்தது. என் தூய சொல் என் மக்களிடமே பிச்சைச் சொல்லாயிற்று.

அங்கம்மாள் சிரிக்கவில்லை. "வேலைய இழுக்கலீங்க தொரை. மூச்சத்தான் இழுக்கிறேன். நீங்க இழுக்காமயா நிக்கிறீங்க?"

"ஏ புள்ள, வாய மூடு!" என்றார் கங்காணி.

"மூடுனா மூச்சு எப்படிண்ணே வரும்?"

துரையின் கிழக்குதிரை அருகே கட்டப்பட்டிருந்தது. அதற்கும் இரைப்பு, தூசி எழாதபடி புல்லில் நீர் தெளித்தே இடவேண்டுமென்பது அவர் கட்டளை. நான் இலக்கணத்தைக் கைவிட்டேன். "உங்க குதிரைக்கு இருக்கிறதுதான் இவளுக்கும். குதிரை பேர வெட்டுனீங்களா?"

துரை குதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என் நெஞ்சிலிருந்து எழுந்த சீழ்க்கையையும் கேட்டிருக்கவேண்டும். "கீழ் மலை போடு" என்று, பனி குறைந்த கீழ்ச்சரிவில் அவளுக்கு வேலை கொடுக்குமாறு கங்காணியிடம் சொல்லிவிட்டுக் குதிரையேறினார். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நாங்கள் நன்றி கூறவில்லை.

அன்று தொட்டு லயத்தார் தமக்குள் ஒரு முறைமை வகுத்துக்கொண்டனர். எங்கள் அறைகளின் பக்கம் ஈரவிறகு எரிவதில்லை. அவளுக்கு மூச்சு முட்டும்போது எவரும் சூழ்ந்து காற்றை மறைப்பதில்லை, படுக்கவைப்பதும் இல்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்து, பாலில்லாத தேநீராகிய சாயத்தண்ணியைச் சூடாகக் கொடுப்பாள். கேள்வி கேட்பதும் இல்லை. பேச மூச்சற்றவளிடம் 'எப்படி இருக்கு' என்பதனினும் கொடுமை உண்டோ? எனக்கும் இம்முறைமையே நடக்கிறது. நானும் இப்போது அதனை 'இழுப்பு' என்றே சொல்லுகின்றேன்.

இன்று காலையும் கடும்பனி. பெரட்டுக் களத்தில் மூக்கைச் சுற்றிய துணியை விலக்கி, அங்கம்மாள் தன் பெயருக்கு, "இருக்கேங்க!" என்று குரல் கொடுத்தாள். முசிறியில் பிறந்த அச்சொல், மடுல்சீமையின் வெண்புகையாய் அவள் முகத்தின்முன் சற்று நின்றது. அடுத்து என் வாயிலிருந்தும் ஒன்று எழுந்தது. கரையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்நாட்டுக் காற்றென்று எனக்குத் தெரியவில்லை.